தடுப்புத் தகட்டில் நான் வெட்டிய ஓட்டை

என் தம்பிமேல் எனக்குப் பொறாமை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளே. அந்தப் பொறாமையால் 1979இல் நாலு உயிர் போயிருக்கும். காப்பாற்றியவன் முருகன்.

மலேசியாவில் ஈப்போவுக்கு வெளியே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள் நாங்கள். ஆறாம் வகுப்போடு நான் ரப்பர் பாலுக்கு மரம் சீவப் போனேன். தோட்டத்தை விற்றதும் லூமுட்டில் ஒரு படகுப் பட்டறையில் வெல்டிங் பழகினேன். தம்பி சேகர் படித்தான். கப்பல் கட்டும் படிப்புக்கு வெளிநாடு போனான். வருடக்கணக்காகப் படகுக்கு இரும்பு ஒட்டியவன் நான். ஆனால் வீட்டில் கப்பல்காரன் என்றால் அவன்தான். லீவில் வந்தால் கோழித் தொடை அவன் தட்டில் விழும். "அவன் ஒரு பரீட்சையிலாவது தோற்கட்டும்" என்று சாமியிடமே வேண்டியிருக்கிறேன்.

அந்த வருட லீவில் பட்டறைக்கு வந்தான். பாங்கோர் தீவுக்குச் சரக்கு ஏற்றும் இரும்புப் படகு பழுதுக்கு நின்றது. படகின் முன்அறைக்கும் இஞ்சின் அறைக்கும் நடுவே தடுப்புத் தகடு இருக்கும். தண்ணீர்க் குழாயை நுழைக்க அதில் குழாயைவிடப் பெரிதாக ஓட்டை வெட்டுவது எங்கள் வழக்கம். இதிலும் நான் வெட்டியிருந்தேன்.

"அண்ணே, முன்னால மோதுனா தண்ணி இது வழியா இஞ்சினுக்குப் போயிரும். அடைச்சிருங்க."

"நீ பேப்பர்ல கப்பல் ஓட்டு. இரும்ப நான் பார்த்துக்குறேன்லா."

எல்லாரும் சிரித்தார்கள். அவன் முகம் சுண்டியது. எனக்கு உள்ளே இனித்தது.

மறுநாள் படகு நாலு பேரோடு கிளம்பியது. இஞ்சினைப் பார்த்துக்கொண்டு என் மனைவியின் தம்பி மணியும் அதில் போனான். மதியம் கொட்டிய மழையில் மணல் படகு ஒன்றோடு மோதிவிட்டதாக ஜெட்டியில், படகுத்துறையில், சொன்னார்கள். துறையின் விளிம்புவரை ஓடினேன். சேகர் சொன்னது சரியென்று எனக்கு முதல்நாளே தெரியும். சொன்னது அவன் என்பதால்தான் அடைக்கவில்லை.

"முருகா, நாலு பேரையும் கொண்டு வா. என் தம்பி எவ்வளவு உயரமும் போகட்டும். இனி நான் எரிய மாட்டேன்." மழையில் நனைந்தபடி இதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

படகு வந்தது. மூக்கு நசுங்கித் தலை குனிந்து வந்தது. ஆனால் மிதந்து வந்தது. மணி இறங்கினான்.

"முன்அறை முழுக்கத் தண்ணி, மச்சான். இஞ்சின் பக்கம் கால் நனையல. காலையில உங்க தம்பி வந்து குழாயைச் சுத்தி டியூப் ரப்பர் வச்சு, தகடு போட்டு, போல்ட்டு முடுக்கிட்டாரு. அண்ணன்கிட்ட சொல்லாதீங்க, கோவிச்சுக்குவாருன்னாரு."

மதியம் நான் கேட்டதற்குக் காலையிலேயே பதில் அனுப்பிவிட்டான் முருகன். யார் தோற்க வேண்டும் என்று வேண்டினேனோ, அவன் கையில் அனுப்பினான்.

மீதி லீவு முழுக்கச் சேகர் அந்த நசுங்கிய மூக்கை அளந்தான். "இந்தத் தகடு மடங்கியிருக்கு, இது கிழிஞ்சிருக்கு. ஏண்ணே?" என்று என்னைக் கேட்டான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எழுதிக்கொண்டான். பிறகு கப்பல்கள் மோதினால் ஆட்களை எப்படிக் காப்பது என்ற ஆராய்ச்சிக்கே போய்விட்டான்.

இன்றும் அவன் கடிதம் வந்தால் முதலில் வயிறு எரிகிறது. மறைக்க மாட்டேன். உடனே விளக்கின் முன் நின்று அவன் பேரைச் சொல்லி, அவன் நன்றாக இருக்கட்டும் என்று கும்பிடுகிறேன். எரிவு அடங்கிய பிறகுதான் கடிதத்தைப் பிரிப்பேன்.

உங்களுக்கும் யார்மேலாவது எரிந்தால், அவர் பேரை முருகனிடம் சொல்லுங்கள். அவர் ஜெயிக்கட்டும் என்று கேளுங்கள். வாய் கூசும். இருந்தாலும் கேளுங்கள்.