தலைகீழாகத் தொங்கிய கற்றாழை

தொண்ணூறுகளில் வண்ணார்பேட்டையில் வாடகைக்கு இருந்தபோது, மாடிப்படி ஓரம் மூன்று சோற்றுக்கற்றாழைகளைத் தொட்டியில் வைத்தேன். செடி வளர்ப்பதில் அதுதான் எனக்கு ஆரம்பம். காலையும் மாலையும் தவறாமல் செடிக்கொரு செம்பு தண்ணீர் ஊற்றினேன். ஒரே மாதத்தில் இரண்டு செடிகள் அடியோடு அழுகிச் சரிந்தன.

எனக்குச் சந்தேகமே இல்லை, பக்கத்துப் போர்ஷன்காரியின் வேலைதான். படியிறங்கும்போதெல்லாம், "எக்கா, என்னமா தளதளன்னு நிக்கி!" என்பாள். வடித்த கஞ்சியைச் சுடச்சுட ஊற்றுகிறாளோ என்று தொட்டியை மோந்துகூடப் பார்த்தேன். "அவ பாவம், சும்மா இரு" என்றார் என் கணவர். அன்றிலிருந்து அவர் மேலும் ஒரு கண் வைத்தேன்.

மிஞ்சிய ஒன்றை வேரோடு பிடுங்கி, அவள் கண்ணில் படும்படி எங்கள் வாசல் நிலைக்கு மேலே திருஷ்டிக்குத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டேன். மண் கிடையாது, தண்ணீர் கிடையாது. இரண்டு மூன்று மாதத்தில் அது நுனியை மேல்நோக்கி வளைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு குட்டியும் விட்டிருந்தது.

அவள்தான் முதலில் பார்த்தாள். "எக்கா, சொட்டுத் தண்ணி ஊத்தாம எப்படி இப்படி வளக்குதிய?"

ஊற்றாததால்தான் வளர்ந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளிடம் சொல்லவில்லை. அன்றே குட்டியைப் பிய்த்துத் தொட்டியில் நட்டேன், செம்பைத் தொடவில்லை. அவள் பார்வை படாமல் ஒரு சாக்கை மட்டும் குறுக்கே கட்டிவைத்தேன்.