மெத்தை விளிம்பில் அமர்ந்து மோட்டார் ஓட்டிய எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் கண்மூடி ஓராண்டு நிறைகின்ற இந்த நாளில், வீடு தேடி வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அண்ணனோடு பழகிய பெரியோர்களுக்கும், தம்பியாகிய நான் கைகூப்பி வணக்கம் சொல்லி இதை எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இதில் பிழை இருந்தால் அது என்னுடையது. பிழையில்லாத இடங்கள் எங்கள் தெரு வாத்தியார் ஐயா திருத்தித் தந்தவை. நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுத வேண்டும் என்று அவர் சொன்னார். நல்லதைத்தான் எழுதுகிறேன். ஆனால் ஒன்றை விட்டுவிட்டு எழுதினால் அது அண்ணனைப் பற்றி எழுதியதாக ஆகாது. மோட்டார் விபத்தில் அண்ணனுக்கு நெஞ்சில் அடிபட்டது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அப்படி ஒன்று நடக்கும் என்று எனக்கு ஆறு மாதம் முன்பே தெரியும் என்பது யாருக்கும் தெரியாது. சொல்ல வேண்டியவர்களிடம் நான் சொல்லவில்லை.

அண்ணன் பிறந்தது வள்ளியூருக்குக் கிழக்கே எங்கள் அம்மாவின் ஊரில். எங்கள் அப்பா பாளையங்கோட்டை நெல்மண்டி முதலாளி வீட்டில் வில்வண்டி ஓட்டினார்கள். அப்பா திடீரென்று காலமானபோது அண்ணனுக்கு மீசை அரும்பவில்லை. எனக்கு அடுத்த வேளைச் சோறு எங்கிருந்து வரும் என்கிற கவலை அன்றைக்கே பிடித்துக்கொண்டது, இன்றுவரை விடவில்லை. அண்ணனோ பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாள் அப்பாவின் சாட்டையை எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டு வாசலில் போய் நின்றார்கள். அதிலிருந்து எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாள் இல்லை. அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தார்கள். எனக்கும் மாட்டுத் தொழுவத்தில் ஒரு வேலை வாங்கித் தந்தார்கள். குடிப்பழக்கமோ சீட்டாட்டமோ அண்ணனிடம் கிடையாது. முதலாளி வீட்டுப் பெண்கள் அண்ணன் வண்டி என்றால் மட்டுமே இருட்டுவதற்கு முன் திரும்ப வேண்டிய அவசரம் இல்லாமல் கிளம்புவார்கள்.

முதலாளி மோட்டார் வாங்கியபோது அண்ணனுக்கு முப்பத்து நாலு வயது. மதராஸிலிருந்து வண்டியோடு, ஓட்டச் சொல்லிக்கொடுக்க ஒரு மிஸ்திரியும் வந்து எட்டு நாள் தங்கினார். "வண்டிக்காரனே மோட்டாரும் ஓட்டட்டும். புது ஆளை எனக்குத் தெரியாது" என்று முதலாளி சொல்லிவிட்டார்கள். ஆற்றுக்கு அக்கரையில் இருந்த பொட்டலில் பாடம் நடந்தது. துடைக்கவும் தண்ணீர் ஊற்றவும் என்னையும் கூட்டிப் போனார்கள்.

இஞ்சினைக் கிளப்ப முன்னால் இரும்புக் கைப்பிடியைப் போட்டுச் சுற்றுவதற்கு முன்பு, ஸ்டியரிங் சக்கரத்தின் கீழே இருக்கிற சின்னக் கைப்பிடியை மேலே தள்ளியிருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். தள்ளாமல் சுற்றினால் இரும்புக் கைப்பிடி திருப்பி அடித்து மணிக்கட்டை உடைத்துவிடும். இடது காலுக்குக் கிளட்சு. வலது காலுக்குப் பிரேக்கு. வலப்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது கைப்பிரேக்கு. இறக்கத்தில் நிறுத்தினால் கைப்பிரேக்கை இழுத்துவிட்டுச் சக்கரத்துக்குக் கீழே கல்லும் வைக்க வேண்டும். ரப்பர் பந்தை அமுக்கினால் ஆரன். பின்கதவுக் கொண்டி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. நான் ஒவ்வொரு தடவையும் மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். முதலாளி ஒருநாள், "ஏடே, பைய இழு. கதவு ஒன் கையோட வந்திரப் போவுது" என்று சிரித்தார்கள்.

அந்த எட்டு நாளும் அண்ணன் வீட்டில் இரண்டு செங்கல்லைத் தரையில் வைத்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மாறி மாறி மிதித்துப் பழகுவார்கள். அண்ணன் மனைவி, எங்கள் மதினி, சோற்றுத் தட்டோடு வந்து நிற்பார்கள்.

"எங்க போயிட்டு இருக்கிய?"

"நாங்குநேரி தாண்டியாச்சு."

"வள்ளியூர் வந்ததும் நிப்பாட்டுங்க. எங்க அம்மா வீட்டுல ஒரு எட்டு எறங்கிக்கிடுதேன்."

சுவரில் சாய்ந்து பழகியதற்குக் காரணம் உண்டு. மிஸ்திரி முதல் நாளே சொன்னார். "பிரேக்கை மிதிக்கிறது காலுன்னு நெனைக்காதப்பா. முதுகு பின்னால நல்லா அண்டினாத்தான் காலுல பலம் எறங்கும். முன்னால வந்து உக்காந்தா மிதிக்கிற மிதியில நீதான் பின்னால நகருவே, பிரேக்கு நகராது. ஸ்டியரிங் சக்கரமும் நெஞ்சுல இடிக்கும்." அண்ணன் அப்படியே செய்தார்கள். பிரேக்கு மிதி அடிப்பலகை வரைக்கும் போய்த் தொட்டது. மிஸ்திரி எட்டாம் நாள் முதலாளியிடம், "நான் சொல்லிக் கொடுத்ததுல இவ்வளவு சீக்கிரம் படிச்ச ஆள் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு ரயிலேறினார்.

ஒன்பதாம் நாள் முதலாளி ஏறி உட்கார்ந்தார்கள். அண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினார்கள். ஏறி, மெத்தையின் விளிம்பில் உட்கார்ந்தார்கள். ஒரு சாண் அகலத்துக்கு மேல் மெத்தை அவர்கள் மேல் படவில்லை. முதுகு ஈட்டி மாதிரி நிமிர்ந்திருந்தது.

அண்ணனுக்கு இடப்பக்கம் அதே மெத்தையில் எனக்கும் இடம் இருந்தது. நானும் அதில் உட்காரவில்லை. கீழே அடிப்பலகையில், பெட்ரோல் டின்னுக்குப் பக்கத்தில் குந்தினேன். அங்கே உட்கார் என்று யாரும் சொல்லவில்லை. மேலே உட்காராதே என்றும் சொல்லவில்லை. அங்கே இருந்ததால்தான் அண்ணனின் கால்கள் என் கண்ணுக்கு நேரே இருந்தன. ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் பிரேக்கை மிதித்தபோது, மிதி அடிப்பலகையைத் தொடவில்லை. இரண்டு விரல் இடைவெளி நின்றது. வண்டி நின்றது உண்மைதான். ஆனால் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி நின்றது. பின்னால் இருப்பவர்களுக்கு அது தெரியாது. எனக்கு மட்டும் தெரியும்.

அன்று சாயங்காலம் வண்டி கழுவும்போது பேச்சை எடுத்தேன்.

"அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிக்கக் கூடாது."

"நீ எதச் சொன்னாலும் அப்படித்தான்லே ஆரம்பிக்கே. சொல்லு."

"மொதலாளி இருக்கும்போது மிதி முழுசா எறங்கல. ரெண்டு வெரல் நிக்கு."

"அளந்து பாத்தியோ?"

"வெளையாடாத. பின்னால தள்ளி உக்காரு. மிஸ்திரி சொன்னாருல்லா."

"மிஸ்திரி ஊருக்குப் போயிட்டாரு. பின்னால இருக்கது மொதலாளிலே. அவுக சாஞ்சிருக்க அதே மாரி தோலு மெத்தையில, அவுகளுக்கு முன்னால, நானும் சாஞ்சு உக்காந்து முதுகக் காட்டச் சொல்லுதியா? அப்பா இருபது வருசம் வண்டி மொகப்புல கால தொங்கப்போட்டு ஓட்டினாவ."

"வண்டி வேற, இது வேற."

"ஏறுதவுக அவுகதான்லே. போயி வாளிய எடு."

வாளியை எடுத்தேன். அதன் பிறகு ஆறு மாதம் அந்த இரண்டு விரலைப் பார்த்துக்கொண்டே போனேன். அண்ணன் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, கைப்பிரேக்கையும் சேர்த்து இழுத்துச் சமாளித்தார்கள். முதலாளியிடம் நேரே சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை மண்டி வாசல் வரைக்கும் போனேன். முதல் தடவை ஆட்கள் நின்றார்கள். இரண்டாம் தடவை யாரும் இல்லை, ஆனாலும் திரும்பினேன். ஓட்டத் தெரியாதவன் என்று அண்ணனை நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்று பயம். மூன்றாம் தடவை முதலாளியே பார்த்துவிட்டு, "என்னடே?" என்றார்கள். "கதவுக் கொண்டிக்கு எண்ணெய் வேணும் ஐயா" என்றேன். எண்ணெய் கொடுக்கச் சொன்னார்கள்.

நாங்குநேரிக் கோயிலுக்கு முதலாளியும் அவர்கள் வீட்டு அம்மாவும் போய்விட்டுத் திரும்பிய நாள் அது. வெயில் தாழ்ந்த நேரம். பாளையங்கோட்டை வருவதற்கு முன்னால் ரோடு இறங்கி ஒரு கால்வாய்ப் பாலத்தில் ஏறும். அந்த இறக்கத்தில் நாங்கள் வந்தபோது, பாலத்தின் நடுவில் வைக்கோல் வண்டி ஒன்று சக்கரம் கழன்று குறுக்கே நின்றது. அதன் பின்னால் இன்னும் மூன்று வண்டி. அண்ணன் ஆரனை அமுக்கிக்கொண்டே பிரேக்கை மிதித்தார்கள். நான் மிதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் மிதிக்க மிதிக்க, மெத்தையில் பின்னால் வழுக்கினார்கள். உடனே முன்னால் வந்து மறுபடியும் விளிம்பில் உட்கார்ந்தார்கள். அந்த நேரத்தில்கூட. இரண்டு விரல் இடைவெளி அப்படியே நின்றது.

"சாஞ்சு மிதிண்ணே" என்று நான் கத்தினேன்.

அண்ணன் கைப்பிரேக்கை இழுத்து, ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தார்கள். வண்டி ரோட்டை விட்டு இறங்கி, வரப்பில் மோதி, சேற்றில் முன்சக்கரம் புதைந்து நின்றது. முதலாளிக்கு நெற்றியில் லேசான வீக்கம். அவர்கள் வீட்டு அம்மாவுக்கு ஒன்றுமில்லை. வைக்கோல் வண்டிக்காரர்களுக்கும் மாடுகளுக்கும் ஒன்றுமில்லை. அண்ணன் நெஞ்சு மட்டும் ஸ்டியரிங் சக்கரத்தில் இடித்திருந்தது. மூச்சு விட முடியாமல் வரப்பில் உட்கார்ந்திருந்த அண்ணன், முதலாளி இறங்குவதைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள்.

"பிரேக்கு சரியில்லடே. மதராஸுக்குக் கடுதாசி போடணும்" என்றார்கள் முதலாளி.

"பிரேக்கு மேல தப்பில்ல ஐயா."

"அப்பம் ஒனக்கு ஓட்டத் தெரியலையா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆமாம் என்று சொல்லப்போகிறார்கள் என்று எனக்குப் பட்டது. அப்போதுதான் என் வாய் திறந்தது. "தெரியும் ஐயா. நல்லாத் தெரியும். நீங்க இருந்தா சாஞ்சு உக்கார மாட்டேங்கான். சாயாம மிதிச்சா பிரேக்கு பாதிதான் எறங்கும்."

முதலாளி என்னைப் பார்த்தார்கள். பிறகு முன்மெத்தையைப் பார்த்தார்கள். வண்டிக்குள் ஏறி, அண்ணன் இடத்தில், விளிம்பில் உட்கார்ந்து காலை நீட்டி மிதித்தார்கள். பிறகு பின்னால் நகர்ந்து சாய்ந்து மிதித்தார்கள். இறங்கி, "மாடு பூட்டி இழுக்கச் சொல்லு" என்று மட்டும் சொன்னார்கள்.

அண்ணன் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. அதன் பிறகு முதலாளி வீட்டுத் தச்சர் வந்தார். பூவரசம் பலகையில், அண்ணன் இடுப்புக்கு முட்டுக்கொடுக்கிற மாதிரி ஒரு முட்டுப்பலகை செய்து, விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி மெத்தை மேல் ஆணியடித்துப் பொருத்தினார். "இதுல அண்டிக்கோடே. முதுகு மெத்தையில படாது. வலுவும் கெடைக்கும்" என்றார்கள் முதலாளி. அண்ணனுக்கு முகமெல்லாம் வெளிச்சம். என்னைப் பார்த்து, "இப்பம் நிம்மதியாலே?" என்று கேட்டார்கள். நிம்மதிதான். மிதி அடிப்பலகையைத் தொட்டது. அதன் பிறகு ஒரு விபத்தும் இல்லை. முதலாளி அன்போடுதான் செய்தார்கள். அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் ஸ்டியரிங் சக்கரம் அண்ணன் நெஞ்சுக்குப் பக்கத்திலேயே இருந்தது. சாய்ந்து உட்கார் என்று முதலாளி வாயால் ஒரு சொல் வர வேண்டும் என்று எங்கள் யாருக்கும் அன்று தோன்றவில்லை. பலகை செய்யத்தான் தோன்றியது.

நெஞ்சில் அடிபட்ட பிறகு மார்கழி வந்தால் அண்ணனுக்கு இருமல் நிற்காது. ஜெர்மனியோடு சண்டை நடந்த வருஷங்களில் பெட்ரோல் கிடைக்காமல் மோட்டார் கொட்டகையில் நின்றது. அண்ணன் மறுபடியும் வில்வண்டி ஓட்டினார்கள். போன வருஷம் அந்த விஷக்காய்ச்சல் வந்தபோது எங்கள் தெருவில் ஏழு வீட்டில் அழுகுரல் கேட்டது. அண்ணனுக்கு நாலாம் நாளே மூச்சு முட்டியது. படுக்க முடியவில்லை. பாயைச் சுருட்டிச் சுவரில் வைத்து, அதில் சாய்த்து உட்கார வைத்திருந்தோம். செங்கல்லை மிதித்துப் பழகிய அதே சுவர்.

காய்ச்சல் என்று மற்றவர்கள் தெருவுக்குள் வரவே பயந்த நேரத்தில் முதலாளி எங்கள் வீட்டுக்குள் வந்து நின்றார்கள். அவர்களைப் பார்த்ததும் அண்ணன் சுவரை விட்டு முதுகை எடுத்து நிமிர்ந்தார்கள். மதினி தோளைப் பிடித்து அழுத்தியும் சாயவில்லை.

"ஏடே, சாஞ்சுக்கோ. நான்தான் சொல்லுதேன்" என்றார்கள் முதலாளி.

"இருக்கட்டும் ஐயா."

அவர்கள் நின்ற நேரம் முழுக்க அண்ணன் அப்படியே இருந்தார்கள். அது தெரிந்துதானோ என்னவோ, முதலாளி சீக்கிரம் கிளம்பினார்கள். மறுநாள் காலையில் அண்ணன் போய்விட்டார்கள்.

நெஞ்சடி பழையது, காய்ச்சல் நல்ல உடம்புக்காரர்களையே கொண்டுபோனது, இரண்டையும் முடிச்சுப் போடாதே என்று டாக்டர் ஐயா என்னிடம் பல தடவை சொன்னார்கள். அவர்கள் படித்தவர்கள். நான் கதவுக் கொண்டியை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவன். இழுத்துப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். மண்டி வாசலில் அன்றைக்கு எண்ணெய் கேட்காமல் இதைச் சொல்லியிருந்தால் என்று.

அண்ணனின் கடைசி நாட்களில் கை கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். காசு வாங்காமல் தினமும் வந்து பார்த்த டாக்டர் ஐயாவுக்கும், பயப்படாமல் வந்து தூக்கிய எதிர்வீட்டு அண்ணன் தம்பி இருவருக்கும், தன் காய்ச்சலைச் சொல்லாமல் அண்ணனைப் பார்த்துக்கொண்ட மதினிக்கும், வாத்தியார் ஐயாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணன் மகளின் படிப்பை முதலாளி ஏற்றிருக்கிறார்கள். மோட்டாரை மறுபடியும் எடுத்தபோது, அண்ணனிடம் ஓட்டப் பழகியிருந்த என்னையே ஓட்டச் சொன்னதும் அவர்கள்தான்.

அதைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். முதலாளியும் இதைப் படிப்பார்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். வண்டியை எடுப்பதற்கு முந்தின நாள் அந்த முட்டுப்பலகையை நான் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அண்ணன் படத்துக்குக் கீழே இருக்கிறது, வந்திருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். மறுநாள் முதலாளி ஏறி உட்கார்ந்தார்கள். நான் கொண்டியை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு முன்னால் ஏறினேன். பின்னால் நகர்ந்து, மெத்தையில் முழு முதுகும் படும்படி சாய்ந்து உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். அடிப்பலகையைத் தொட்டது. முதலாளி பின்னாலிருந்து ஒன்றும் சொல்லவில்லை. அதற்காகவும் அவர்களுக்கு நன்றி.