மேனுவலில் கிடந்த சுவிட்ச்

ஆஸ்பத்திரியில் அந்த எலக்ட்ரீஷியனுக்குப் பெயரே 'பத்து செகண்ட்'. கரண்ட் போனால் பத்தே செகண்டில் திரும்ப வரும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டதால் ஒட்டிக்கொண்ட பெயர். பீற்றட்டுமே, பொய்யா சொன்னார்? அடித்தளத்து அறையில், ஆளுயர இரும்புப் பெட்டிக்குள் இருந்தது அந்தத் தானியங்கி சுவிட்ச். வெளிக் கரண்ட் நின்றதும் ஜெனரேட்டரைக் கிளப்பும். அது சீராக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மொத்தக் கட்டடத்தையும் அதன் தலையில் கட்டும். வெளிக் கரண்ட் திரும்பி வந்தாலும் உடனே நம்பாது, ஐந்து நிமிடம் நிலைக்கிறதா பார்க்கும். பதினான்கு வருஷம் அதோடு குப்பை கொட்டியும் மனுஷனுக்கு அந்தப் புத்தி ஒட்டவில்லை.

வேலை வாங்கிக் கொடுத்தது மனைவியின் அண்ணன். அங்கே அவர்தான் மேனேஜர். வீட்டில் மச்சான், ஆஸ்பத்திரியில் சார்.

வாரத்துக்கு ஒருநாள் காலை பதினொரு மணிக்கு அந்தப் பெட்டி தானாகவே ஒரு ஒத்திகை பார்க்கும். சில செகண்ட் கட்டடமே இருண்டு, பிறகு விடியும். முதலாளி வருகிற நாளும் அதே நாளாகத் தொலைந்தது. மேனேஜர் கீழே இறங்கி வந்தார்.

"மாப்ளே, அவர் லிப்ட்ல போறப்ப உன் பொட்டி ஒத்திகை பார்த்து என் மானத்த வாங்கிடப் போகுது. மேனுவல்ல போட்டு வை."

"அப்புறம் நெஜமாவே கரண்ட் போனாலும் மாறாதே, மச்சான்."

"ஒரு மணி நேரந்தானே! நீதான் பக்கத்துலயே இருக்கியே."

மச்சானிடம் போய் எழுதிக் கொடுங்கள் என்று கேட்க முடியுமா? பெட்டியின் குமிழைத் திருகி, கையால் மாற்றினால்தான் மாறும்படி மேனுவலில் போட்டார். அரை மணி நேரத்தில் அதே மச்சானிடமிருந்து போன். ஐந்தாம் மாடியில் முதலாளி பேச வைத்த மைக் வேலை செய்யவில்லையாம், உடனே வா. போனார். மைக்கைத் தொட்ட கையோடு கரண்ட் போனது.

லிப்ட்டும் நின்றுவிட்டது. இருட்டுப் படிக்கட்டில் விழுந்தடித்து இறங்கினார். மூன்றாம் மாடி டயாலிசிஸ் வார்டில், மெஷினின் ரத்த பம்பை நர்சுகள் கையாலேயே சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் கீழே போய் ஜெனரேட்டரைக் கிளப்பிக் கட்டடத்தை அதற்கு மாற்றியபோது நான்கு நிமிடம் ஆகியிருந்தது. நர்சுகளின் கை எட்டாத ஒரு பெரியவருக்குக் குழாயிலேயே ரத்தம் உறைந்துவிட்டது. உயிர் பிழைத்தார், ஆனால் ஐ.சி.யூ.வில் கிடந்துதான் பிழைத்தார்.

விசாரணையில் முதலாளி பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டவரும் மச்சானேதான்.

"யாரைக் கேட்டு மேனுவல்ல போட்டீங்க?"

'போட்டீங்க' என்ற பன்மைதான் சுருக்கென்று தைத்தது. உண்மையைச் சொன்னால் மச்சானின் வேலை போய்விடும். அப்பா இல்லாத வீட்டில் தன்னை வளர்த்து ஆளாக்கியவர் என்று மனைவி அந்த அண்ணனைத் தெய்வமாக வைத்திருக்கிறாள். அவள் முகத்தில் எப்படி விழிப்பது? மச்சானாகவே வாயைத் திறப்பார் என்று ஒரு நப்பாசை. அவரோ பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"நானாதான் போட்டேன், சார்."

அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள்.

மனைவி கதவைத் திறந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"அண்ணன் போன் பண்ணாரு. உங்களக் காப்பாத்த முதலாளி கிட்ட எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாராம். அவருக்குப் போன் பண்ணி ஒரு வார்த்தை நன்றி சொல்லுங்க."

நம்பரை அழுத்திப் போனை அவர் கையில் கொடுத்தாள். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருந்தது.