இரண்டு ஊர்க் கல்பெஞ்சு

தேனி ஸ்டேஷனில் அம்மாவோடு மதுரை வண்டிக்குக் காத்திருந்தபோது, மேலே கூரையில் யாரோ தார் பூசிக்கொண்டிருந்தார்கள். தார் வாடை வந்தால் எனக்கு மீட்டர் கேஜ் காலத்து எங்கள் சின்ன ஸ்டேஷன்தான் ஞாபகம் வரும். அங்கே தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த மரக்கட்டைகள் வெயிலில் இப்படித்தான் மணக்கும்.

அந்த ஸ்டேஷன் இரண்டு ஊருக்குப் பொது. மேலப்பட்டிக்காரர்கள் புளியமரத்தடியில் ஒரு கல்பெஞ்சு போட்டார்கள் என்று எங்கள் ஊர்க்காரர்களும் எதிரே, ஒரு சாண் நீளம் கூடுதலாக, ஒன்று போட்டார்கள். அவரவர் ஊர்ப் பெஞ்சில்தான் உட்கார வேண்டும். வெண்டைக்காய் மூட்டையைக்கூட மாற்றி வைக்க மாட்டார்கள். அம்மா மேலப்பட்டியில் பிறந்து எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டவள். பிறந்த ஊர்ப் பெஞ்சில் உட்கார்ந்தால் அப்பாவின் முகம் சுருங்கும், எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தாலோ எதிரே இருக்கும் மாமா, "புருசன் ஊருக் கல்லு மெத்தையா இருக்கோ?" என்று கேட்பார். அதனால் வண்டி எவ்வளவு தாமதமானாலும், இடுப்பில் தம்பியோடு, இரண்டு பெஞ்சுக்கும் நடுவிலிருந்த தண்ணீர்க்குழாயைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருப்பாள்.

அகலப்பாதை வந்தபோது ஸ்டேஷனை எடுத்துவிட்டார்கள். அவரவர் பெஞ்சை அவரவர் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இப்போது வண்டி அங்கே நிற்பதில்லை.

தேனியிலும் அம்மா நின்றுகொண்டுதான் இருந்தாள்.

"உக்காரும்மா. எம்புட்டு நேரம் நிப்ப?"

வரிசையாகக் கிடந்த இரும்பு இருக்கைகளைப் பார்த்தாள்.

"இது எந்த ஊர்க்காரக போட்டது?"

"ரயில்வேக்காரக போட்டது."

"அப்ப சரி" என்று உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, காலைத் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டாள்.