டெரியாக்கி சாஸும் என் நாக்கு சொன்ன பொய்யும்

வெல்லமும் சோயா சாஸும் சேர்ந்து கருகினால் என்ன வாடை வரும் தெரியுமா நண்பர்களே? லைட்ஹவுஸ் குப்பத்தில் கருவாட்டைச் சுற்றிக் கொண்டிருந்த காக்கைகள் மொத்தமாக மூட்டை கட்டிக்கொண்டு ஆந்திராவுக்கே குடிபோய்விட்டன. நடுக்கடலில் வலை இழுத்தவர்கள் கரையில் எவன் வீடு எரிகிறது என்று திரும்பிப் பார்த்தார்கள்...

அந்த வாடை எட்டாத மூக்கு குப்பத்திலேயே ஒன்றுதான். அடுப்புக்கு முன்னால் கரண்டியோடு நின்ற ஏழுமலையின் மூக்கு.

ஏழுமலை என் தங்கை தேவகியின் வீட்டுக்காரன். சிங்கப்பூரில் ஒரு ஜப்பான் ஓட்டல் சமையற்கட்டில் ஏழு வருஷம். கொரோனா ஜுரம் வந்து போனது. போகும்போது மூக்கையும் நாக்கையும் கையோடு கொண்டுபோய்விட்டது. பிரியாணி தின்றாலும் பேப்பர் தின்றாலும் ஒன்றுதான். வாசனை தெரியாத சமையல்காரனை யார் வைத்துக்கொள்வார்கள்? ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஏழு மாதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் ஏரிக்கரை ரோட்டில் புதிதாக வந்த ரிசார்ட்டில் ஆள் தேடினார்கள். சென்னையிலிருந்து வருகிற கூட்டத்துக்குப் புதுசாக ஏதாவது வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் சமைத்துக் காட்டச் சொன்னார்கள். பிடித்தால் வேலை. இல்லையென்றால் மீஞ்சூரில் ஏதாவது ஒரு கம்பெனியில் ஷிப்ட். கடலுக்குப் போகிற கை இல்லை அவனுக்கு.

வியாழக்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டு விட்டான்.

"மச்சான், என் நாக்கு செத்துப்போச்சு. உன் நாக்க நாலு நாளைக்குக் குடு."

"உன் பொண்டாட்டி நாக்கு இன்னா ஆச்சு?"

"அவ நான் கல்லைக் காய்ச்சிக் குடுத்தாலும் நல்லாருக்குதுன்னுவா. நீ ஊருக்கே பெரிய புளுகன்தான். ஆனா சோத்து விஷயத்துல நீ பொய் சொன்னது இல்ல. என் கல்யாணத்துல பிரியாணி வேகலன்னு பந்தியில எழுந்து நின்னு கத்துனவன் நீ!"

உண்மைதான். சம்பந்தி வீட்டார் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை.

டெரியாக்கி என்று ஒரு ஜப்பான் சாஸ். சோயா சாஸ், வெல்லம், இஞ்சி, பூண்டு, கொஞ்சம் வினிகர். அங்கே அரிசியில் வடித்த இனிப்பு மது ஒன்றும் ஊற்றுவார்களாம். எங்கள் குப்பத்தில் மது கிடைக்கும், ஆனால் சட்டி வரைக்கும் வந்து சேராது. அதனால்தான் வினிகர். எல்லாவற்றையும் சட்டியில் சுண்டவிட்டு, வறுத்த கொடுவா மீன் மேல் ஊற்ற வேண்டும். மினுமினுவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. பார்க்க மட்டும்.

வாயில் வைத்தேன்...

வங்காள விரிகுடாவை மொத்தமாகச் சுண்டக் காய்ச்சி, அதில் ஒரு கரிமூட்டையைக் கரைத்தால் எப்படி இருக்கும்? அப்படி. என் முன்னோர்கள் ஏழு தலைமுறைக்கும் நாக்கு கசந்திருக்கும்.

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், கதவோரத்தில் தேவகி. கருகல் அவளுக்கும் தெரியும், மூக்கு இருக்கிறதே. இரண்டு கைகளையும் சேர்த்து என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"டேய்! ஜப்பான் ராஜா கட்டுமரம் ஏறி வந்துடுவாருடா!" என்றேன்.

ஏழு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தான். பல் தெரிய.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இன்னும் மூன்று நாள் இருக்கிறதே... ஒரே ஒரு நாள் சிரிக்கட்டும்.

மறுநாள் போனால் முகச்சவரம் செய்துகொண்டு, பாட்டு வேறு பாடிக்கொண்டிருந்தான். சனிக்கிழமை எப்படியும் சொல்லிவிடுவது என்று போனேன். சட்டியை எடுத்துக் காட்டினான். உள்பக்கம் கத்தியால் ஒரு கோடு கீறியிருந்தான்.

"பாத்தியா? அன்னிக்கு நீ நல்லாருக்குதுன்னு சொன்னப்ப சாஸ் இது வரைக்கும் வத்தியிருந்துச்சு. இனிமே மூக்கும் வேணாம், நாக்கும் வேணாம். கண்ணு போதும் மச்சான்!"

கோட்டை இரண்டு விரல் மேலே கீறியிருந்தால் போதும். கருகாது, கரிக்காது. 'மேலே போடுடா' என்ற இரண்டே வார்த்தை. ஊரே வாய் பிளக்கப் புளுகும் இந்த வாய்க்கு அது வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். ரிசார்ட் ஓனரும் அவர் மனைவியும் உட்கார்ந்தார்கள். கோடு வரைக்கும் கச்சிதமாகச் சுண்டவைத்துப் பரிமாறினான். ஓனர் ஒரு வாய் தின்று, ஒரு பாட்டில் தண்ணீர் குடித்தார். "சொல்லி அனுப்புறோம் தம்பி" என்றார், மரியாதையாக. அந்த அம்மாதான் மெதுவாக, "கருகிடுச்சுங்க" என்றது.

ஏழுமலை அவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

திரும்பும்போது என் வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு கேட்டான்.

"மச்சான்... மொத நாளே கருகல் இருந்துச்சா?"

"சேச்சே! அவங்க அடுப்பு சரியில்லடா."

முதல் பொய்க்காவது ஒரு சிரிப்பு கிடைத்தது. இரண்டாவதுக்கு அதுவும் இல்லை.

இப்போது மீஞ்சூரில் பெட்டிக்கு டேப் ஒட்டுகிற வேலை. ஒரு வருஷம் கழித்து மூக்கு திரும்ப வந்துவிட்டது. காலையில் வாசலில் நின்று, கருவாட்டு வாடை அடிக்குது என்றானாம். தேவகி அழுதுகொண்டே எனக்கு போன் செய்தாள். இனி மறுபடி கரண்டி பிடிப்பான் என்று நான் தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தேன்.

பிடிக்கவில்லை. டீ கூடப் போடுவதில்லை. அந்த நாலு நாளும் ருசி தெரியாமலே ராத்திரி பகலாகச் சமைக்கத் துடித்தவன், இப்போது எல்லா ருசியும் தெரிந்து, போட்டதைத் தின்றுவிட்டுக் கை கழுவுகிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. மீன் குழம்பு. தேவகி அவனிடம், "எப்டிக்கீது?" என்றாள்.

தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்.

"உங்க அண்ணனக் கேளு."

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

"உப்பு... கொஞ்சம் ஜாஸ்திம்மா" என்றேன்.

ஏழுமலை இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டான்.