கோமதியக்காவின் மெஷினும் நான் போட்ட போட்டோவும்

கோமதியக்கா இறந்துவிட்டார். காலையில் கடை திறக்கும்போது அவர் மகள் போன் செய்தாள்... ஹார்ட் அட்டாக்.

ஆரியசாலையில் ஒரு பேக் கம்பெனி. ஒன்பது வருடம் பக்கத்துப் பக்கத்து மெஷினில் தைத்தோம். தையல் பிரிவை மூடியபோது என்னைக் கம்பெனியின் ஷோரூமுக்கு மாற்றினார்கள். அக்காவை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கம்பெனியின் பின்பக்கம் மழையில் ஒரு பழைய பவர் மெஷின் கிடந்தது. லெதர் தைக்கிற கனமான மெஷின், முழுக்கத் துரு. அக்கா மேனேஜரிடம் கேட்டார்.

"பழைய இரும்பல்லே சேச்சி, எடுத்தோளூ" என்றார் மேனேஜர் மலையாளத்தில். நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.

வீட்டுக்குக் கொண்டுபோய் நாலு மாதம்... மண்ணெண்ணெயில் ஊறப் போட்டு, துருவைச் சுரண்டி, சாலை மார்க்கெட் கடைகளில் ஸ்க்ரூ ஸ்க்ரூவாகத் தேடி. வீல் மட்டும் அசையவில்லை. சுத்தியலால் தட்டிப் பார்க்கலாமே என்றேன்.

"ஏட்டி, அடிச்சா ஒடஞ்சிரும் கேட்டியா. அதுவா வெலகுத வரைக்கும் பொறுக்கணும்."

உள்ளே ஹூக்கில் பழைய கறுப்பு நைலான் நூல் சிக்கி இறுகியிருந்தது. பிளேடால் நறுக்கி எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். "எவ தச்ச நூலோ..."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடியது. நாலு மடிப்பு கான்வாஸில் நேராக ஒரு தையல். அக்கா சிரிக்கக்கூட இல்லை, வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நான்தான் போட்டோ எடுத்தேன். இதே ஃபேஸ்புக்கில் போட்டேன். கம்பெனி தூக்கிப் போட்ட மெஷினுக்கு அக்கா உயிர் கொடுத்துவிட்டார் என்று பெருமையாக எழுதினேன்.

மூன்றாம் நாள் அக்கா வீட்டு வாசலில் வேன். நானும் அங்கே இருந்தேன்.

"சேச்சி, இது கம்பெனி சாதனமாணு. முதலாளி போட்டோ கண்டு" என்றார் மேனேஜர்.

"நீங்கதானே சார் எடுத்துக்கிடச் சொன்னிய?"

"எழுதித் தந்தோ?"

"இவளும் நின்னாளே. கேளுங்க."

அக்கா என்னைப் பார்த்தார். நான் செருப்பைப் பார்த்தேன்... என் மகனுக்கு அப்போது ஸ்கூல் அட்மிஷன். வேலை போய்விடக் கூடாது. மெஷினை வேனில் ஏற்றிவிட்டார்கள்.

இப்போது சொல்கிறேன்: மேனேஜர் எடுத்துக்கொள்ளச் சொன்னார். என் காதால் கேட்டேன். அவர் என் ஃப்ரெண்ட் லிஸ்ட்டில் இருக்கிறார், படிக்கட்டும்.

மெஷினுக்குப் பச்சை பெயின்ட் அடித்து, ஊசியைக் கழற்றி, ஷோரூம் கண்ணாடிக்குள் வைத்தார்கள். கஸ்டமர்கள் செல்ஃபி எடுக்கிறார்கள். தினமும் தூசி துடைப்பது நான்.

அக்கா ஒரு ஹோட்டலில் காய் நறுக்கப் போனார். என்னிடம் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. போட்டிருக்கலாம்.

போன மாதம் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். வேறு ஏதேதோ பேசிவிட்டு, பஸ் வரும்போது கேட்டார்: "ஏட்டி, அதுக்கு எண்ணெ விடுதாங்களா?"

விடுகிறார்கள் என்றேன்.

இன்று மதியம் அக்காவை எடுக்கிறார்கள். அரை நாள் லீவு கொடுத்திருக்கிறார்கள்.

முகம் பார்க்க வருகிறேன் அக்கா.