பொன்முடியிலிருந்து நமது நிருபர்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு ஜவுளிக்கடை மாடியில் சூடாமணியின் வகுப்பு நடந்தது. வெளிநாட்டு நிருபர் ஆவது எப்படி என்று சொல்லிக் கொடுக்கிற வகுப்பு. சொல்லிக் கொடுத்த சூடாமணி போயிருந்த அதிகபட்ச வெளிநாடு நாகர்கோவில்.

இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. முதல் நாள் பாடத்திலேயே அவளே சொல்லிச் சிரித்துவிடுவாள். ஒரு மலையாளப் பத்திரிகையில் வெளிநாட்டுப் பக்கத்தைப் பல வருஷம் திருத்தியவள். யாரோ துபாயில் நின்று அவசரத்தில் கொட்டியதையெல்லாம் மனுஷர் படிக்கிற மாதிரி ஆக்கியவள். அதனால் நாற்காலியை விட்டு எழும்பாமலே குவைத்தில் எந்தத் தெருவில் மணல் பறக்கும் என்று அவளுக்குத் தெரியும். கீழே காட்டாக்கடை பஸ் உறுமினால் அவள் கண்ணுக்கு அது ஓடுபாதைக்குத் திரும்புகிற விமானம். பாதிப் பாடத்தில் ஜன்னலைப் பார்த்தபடி நின்றுவிடுவாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டு, அவள் தரையிறங்குகிற வரைக்கும் காத்திருப்பார்கள்.

அவளுடைய பரீட்சைதான் ஊர் முழுக்கப் பேச்சு. மலைமேல் இருக்கிற பொன்முடியை அவள் வெளிநாடாக அறிவித்திருந்தாள். காலை பஸ்ஸில் ஏறிப் போக வேண்டும். தேயிலை எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கிற லயங்களில் சுற்ற வேண்டும். சாயங்கால பஸ் புறப்படுவதற்குள் டீக்கடை போனிலிருந்து செய்தியைத் தடங்கல் இல்லாமல் சொல்ல வேண்டும். சட்டம் இரண்டே இரண்டு. அங்கே உள்ளவர்கள் கண்ணில் படாததை எழுது. அங்கே யாருக்கும் சொந்தக்காரன் ஆகிவிடாதே.

மலையாளப் பிள்ளைகளுக்கு அது வெளிநாடேதான். லயத்துத் தமிழ் அரைகுறையாகப் புரியும், அட்டை கடிக்கும், குழந்தைகள் பார்த்து ஓடும். அகில் என்கிற பையன், மலைவாசிகள் அந்நியரை நம்புவதில்லை என்று கம்பீரமாகச் செய்தி கொடுத்தான். அந்நியனுக்குப் பயந்து ஓடியது ஒரு ஆட்டுக்குட்டி மட்டும்தான் என்பது பிறகு தெரிந்தது.

இரண்டாயிரத்து இரண்டில் அவள் வேலை பார்த்த பத்திரிகைக்கு மஸ்கட்டில் ஒரு நிருபர் தேவைப்பட்டது. சூடாமணி தன் பெயரையே கொடுத்தாள். செய்தி ஆசிரியர் அனந்தபத்மநாபன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“உங்க பரீட்சையை நீங்களே எழுதுங்க. பாஸானா போங்க. இல்லேன்னா டெல்லியிலிருந்து ஆள் எடுக்கணும்.”

நாற்பத்தொரு வயதில் சூடாமணி வெளிநாட்டுக்கு பஸ் ஏறினாள். வளைவுக்கு வளைவு பனிமூட்டமாய் மஞ்சு வந்து ஜன்னலில் முகம் ஒட்டிப் பார்த்தது. வரிவரியாக வீடுகள், ஓடையில் சோப்பு நுரை, கயிற்றில் சிவப்புப் பாவாடை. எல்லாம் அழகாக அந்நியமாக இருந்தது. கிள்ளிய கொழுந்தைக் கூடையில் தட்டிவிட்டுக்கொண்டே ஒருத்தி கேட்கும் வரைக்கும்.

“எந்த ஊரு அக்கா?”

“திருவனந்தபுரம்.”

“அது தெரியுது. சொந்த ஊரு?”

வாய் தவறிவிட்டது. “அப்பாவுக்கு அம்பாசமுத்திரம் பக்கம்.”

கூடை கீழே இறங்கியது. அவள் பெயர் பிச்சைக்கனி. அவள் அம்மா பிறந்தது அதற்கு அடுத்த ஊராம். இரண்டு கல்யாணம், ஒரு சடங்கு வழியாகக் கணக்குப் போட்டு, “அப்போ நீங்க எனக்கு மயினி முறையில்லா” என்று அண்ணி உறவாக்கி முடித்தாள். அவ்வளவுதான். மயினிக்குப் பால் விடாத கட்டஞ்சாயா வந்தது. மயினி மடியில் ஒரு குழந்தை ஏறியது. வீட்டுக்கு வீடு மயினியைக் கூட்டிப் போய்க் காட்டினார்கள். சூடாமணி பேனாவைத் திறந்த போதெல்லாம் யாராவது தட்டு வைத்தார்கள். மலையாளப் பிள்ளைகளுக்கென்று அவள் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய அந்நிய தேசத்தில், அவள் ஒருத்திக்கு மட்டும் அந்நியமாக இருக்க அனுமதியில்லை.

மதியம் கழிந்தும் செய்தி ஒரு வரி இல்லை. டீக்கடைக்கு நடந்தாள். மஞ்சு ஒரு பக்கமாக விலகியது. கீழே, வெகு தூரத்தில், பாதி நிஜம் போல ஒரு நகரம் கிடந்தது. அதன் ஓரத்தில் கடலாகவும் இருக்கலாம், வானமாகவும் இருக்கலாம். பிறந்த ஊரை அவள் வெளியே நின்று பார்த்ததே இல்லை. போனை எடுத்தாள். அந்தப் பக்கம், பத்திரிகை ஆபீசில், எழுதிக்கொள்ள அகில் இருந்தான்.

“சொல்லுங்க சேச்சி. அட்டை கடிச்சோ?”

“எழுதுடா. கீழே ஒரு நாடு தெரிகிறது. அங்கே வருஷத்தில் இரண்டு முறை விமானங்களை நிறுத்திவிட்டு ஓடுபாதை வழியாகச் சாமி கடலில் நீராட ஆறாட்டு போகிறது. அங்கே உள்ளவர்களுக்கு அது செய்தி இல்லை.”

“சேச்சி, இது நம்ம…”

“எழுது. சாலைக் கடைத்தெருவில் எடை தமிழில் போடுகிறார்கள், பேரம் மலையாளத்தில் நடக்கிறது, சண்டை வந்தால் இரண்டும் பத்தாது. அக்கம்பக்கத்தார் நல்லவர்கள். ஓணத்துக்குப் பாயசம் கொடுத்துவிடுவார்கள். கொடுக்கும்போது, அந்த ஊரிலேயே பிறந்த ஒரு பெண்ணிடம், ஊருக்கு எப்போ போறீங்க என்று வருஷாவருஷம் அன்பாக விசாரிப்பார்கள். அவளும் வருஷாவருஷம், அடுத்த மாசம் என்பாள்.”

அகில் கேலி பேசுவதை நிறுத்தியிருந்தான். அவன் அம்மாவும் பக்கத்து வீட்டுக்குப் பாயசம் கொடுத்துவிடுகிறவள்தான். கடைசி வரி வரை எழுதிவிட்டு, “ஒரு நிமிஷம் சேச்சி” என்று ரிசீவரைக் கைமாற்றினான்.

காகிதம் புரள்கிற சத்தம். பிறகு அனந்தபத்மநாபனின் குரல்.

“உறவாயிட்டீங்களா அங்கே?”

“ஆயிட்டேன் சார். மயினி.”

“அப்போ ஒரு சட்டம் போச்சு.”

சூடாமணி போன் கம்பியை விரலில் சுற்றினாள். மஞ்சு திரும்பி வந்து கீழே இருந்த நகரத்தை ஒன்றுமில்லாமல் ஆக்கியது.

“மற்றது நின்னுது,” என்றார் அவர். “இத்தனை வருஷம் இங்கே இருக்கேன், எனக்கு இது கண்ணில் பட்டதில்லை. பாஸ்போர்ட் இருக்கா?”

“இரண்டாவது சார். முதலாவது ஒரு முத்திரை கூட விழாமலே காலாவதி ஆயிட்டுது.”

“இதில் விழும்,” என்றார்.

சாயங்கால பஸ்ஸுக்குப் பிச்சைக்கனி வாழையிலைப் பொட்டலத்தோடு ஓடிவந்தாள். விஷயம் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது.

“மஸ்கட்டா மயினி? எங்க அத்தை மவன் அங்கதான் கட்டடவேலை பாக்கான். ஒரு போன் போட்டுச் சொல்லிருதேன். வந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவான்.”

அங்கேயும் அந்தச் சட்டம் நிற்காது என்று சூடாமணிக்குத் தெரிந்துபோயிற்று. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தவள், “அவன் பேரு என்ன?” என்று கேட்டாள்.

பஸ் உறுமியது. இந்தத் தடவை அது விமானம் ஆகவில்லை. வெறும் பஸ்ஸாகவே வளைவில் திரும்பியது. அவள் மடியில் பொட்டலம் சூடாக இருந்தது.